உருவமில்லாத ஒன்றை வரைவது: கோட்டுருப் படங்களும் அச்சுக்கோப்பு நிரலும்

கோட்டுருவியல் பாடநூல் எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்திலேயே கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒருமுறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற புதிர் வந்துவிடும். கூடவே நான்கு புள்ளிகளும் ஏழு கோடுகளுமாக ஒரு சிறு படமும் வரும். அந்தத் துறையின் முதல் படம் அதுதான் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் 1736ஆம் ஆண்டுக்குரிய பீட்டர்ஸ்பர்க் அகாதமித் தொகுதியில் அச்சான லியோனார்ட் ஆய்லரின் கட்டுரையில் அந்தப் படம் கிடையாது. ஆறும் தீவும் பாலங்களும் தெரியும் நிலப்படம் இருக்கிறது. மற்றபடி, நிலப்பகுதிகளுக்கு எழுத்துகளைப் பெயராகச் சூட்டி, நடக்கும் வழியை எழுத்துகளின் வரிசையாக எழுதியே அவர் தம் வாதத்தை முடித்துவிடுகிறார். நான்கு புள்ளிப் படம் அச்சில் வந்தது ரௌஸ் பால் 1892இல் வெளியிட்ட கணிதப் பொழுதுபோக்கு நூலில்தான். கருத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

இந்த இடைவெளிக்குக் காரணம் ஆய்லரின் கவனக்குறைவு அன்று. கோட்டுருவுக்குப் படம் தேவையே இல்லை. சில முனைகள், எந்த முனை எந்த முனையோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும் விளிம்புகளின் பட்டியல். அவ்வளவுதான் கோட்டுரு. பள்ளியில் கட்டத்தாளில் வரைகிறோமே வரைபடம், அதற்கு உருவம் உண்டு. ஒரு சார்பின் வளைவு இப்படித்தான் போகவேண்டும் என்று கணக்கே சொல்லிவிடும். கோட்டுருவுக்கு அப்படி எதுவும் விதிக்கப்படவில்லை. முனையை எங்கே வைப்பது, கோட்டை நேராக இழுப்பதா வளைப்பதா என்பதெல்லாம் வரைபவரின் முடிவு. ஆகவே ஒவ்வொரு கோட்டுருப் படமும் ஒரு கருத்து. அந்தக் கருத்து எங்கே எழுதி வைக்கப்படுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு கோட்டுரு, மூன்று முகங்கள்

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். டென்மார்க் கணிதவியலாளர் ஜூலியஸ் பீட்டர்சன் 1898இல் எடுத்துக்காட்டிய கோட்டுரு அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்குப் 12 ஆண்டுகள் முன்பே ஆல்ஃபிரட் கெம்ப்பேயின் எழுத்தில் அது தலைகாட்டியிருந்தது. 10 முனைகள், 15 விளிம்புகள். ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்று விளிம்புகள். 1 முதல் 5 வரையுள்ள எண்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 10 சோடிகள் கிடைக்கும். பொது எண் இல்லாத சோடிகளை இணைத்துவிட்டால் பீட்டர்சன் கோட்டுரு தயார். இதுவரை படம் என்ற பேச்சே எழவில்லை.

வரையப் புகுந்தால் கதை மாறுகிறது. எல்லா நூல்களிலும் இருப்பது வெளியே ஓர் ஐங்கோணம், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம், இரண்டையும் கோக்கும் ஐந்து ஆரக்கால்கள் என்ற படம். இதில் கோடுகள் ஐந்து இடங்களில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டே வெட்டுகளுடனும் இதே கோட்டுருவை வரையலாம். அதற்குக் கீழே இறங்க முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை. மூன்றாவது படம் ஒன்று உண்டு. ஒரு முனையை நடுவில் வைத்து, மீதி ஒன்பதையும் வட்டத்தில் அடுக்குவது. அதில் ஆறு வெட்டுகள்.

வெட்டு குறைந்த படம்தான் நல்ல படம் என்றால் மூன்றாவது படத்தைத் தூக்கி எறியவேண்டும். ஆனால் பீட்டர்சன் கோட்டுருவின் முக்கியமான ஒரு குணத்தைக் கண்ணெதிரே காட்டுவது அந்தப் படம்தான். எல்லா முனைகளையும் ஒருமுறை மட்டும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று இந்தக் கோட்டுருவில் கிடையாது. ஆனால் எந்த ஒரு முனையை நீக்கினாலும் மீதி ஒன்பதுக்கும் அப்படி ஒரு சுற்று அமைந்துவிடுகிறது. ஒன்பது முனை வட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டாவது செய்தி விளங்கிவிடும். ஐங்கோணப் படத்தில் அதை விரலால் தேடித் தடவிக் கண்டுபிடிக்கவேண்டும்.

சமச்சீரும் இப்படித்தான். இந்தக் கோட்டுருவைத் தன்மேலேயே பொருத்தும் வழிகள் 120. ஐங்கோணப் படத்தைச் சுழற்றியும் கண்ணாடியில் திருப்பியும் பார்த்தால் அவற்றில் 10 மட்டும் தெரியும். ஒன்பது முனை வட்டத்தில் 6. தாளில் வரையும் எந்தப் படமும் 120ஐயும் காட்டாது. தளத்தில் முடிவுறு படமொன்றுக்குச் சுழற்சியும் எதிரொளிப்பும் தவிர வேறு சமச்சீர் இல்லை. அந்த 120இன் கட்டமைப்பு அதற்குள் அடங்குவதில்லை. எதை மறைப்பது என்று முடிவு செய்யாமல் எதையும் காட்ட முடியாது.

ஐங்கோணம் வரைய முடியாத காலம்

1977இல் டொனால்ட் க்னூத் தம் கணினியியல் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்து மனம் நொந்துபோனார். புதிய ஒளி அச்சுக்கோப்பில் கணிதம் அழகிழந்து கிடந்தது. அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் டெக். சமன்பாட்டை எழுத்தால் எழுதிக் கொடுத்தால் பக்கத்தை அது அடுக்கித் தரும். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லேடெக் இன்றைக்கும் கணித ஆய்வேடுகளின் பொது ஊடகம்.

டெக்குக்கு எழுத்தும் தெரியும், எழுத்தை எங்கே வைப்பது என்றும் தெரியும். கோடு போடத் தெரியாது. நேர்கோட்டுப் பட்டை ஒன்றைக் கிடையாகவும் செங்குத்தாகவும் வைக்கும், அவ்வளவே. எனவே லேடெக்கின் ஆரம்பகாலப் படக்கட்டளைகள் ஒரு தந்திரம் செய்தன. சாய்ந்த கோட்டுத் துண்டுகளையே எழுத்துருவில் எழுத்துகளாகச் செதுக்கி வைத்துக்கொண்டு, அவற்றைத் தொடர்ச்சியாக அடுக்கின. அதன் விளைவு, கோட்டின் சாய்வு 6க்கு மேற்படாத இரு முழு எண்களின் விகிதமாகத்தான் இருக்கலாம். அம்புக்குறி என்றால் 4 வரைதான். வெற்று வட்டத்தின் விட்டம் 40 புள்ளிக்கு மேல் போகாது. ஏறக்குறைய 14 மில்லிமீட்டர்.

இப்போது பீட்டர்சனின் ஐங்கோணத்துக்கு வருவோம். ஒழுங்கு ஐங்கோணத்தின் உச்சியிலிருந்து இறங்கும் பக்கத்தின் சாய்வு, 36 பாகையின் டேன் மதிப்பு, 0.7265. அனுமதிக்கப்பட்ட விகிதங்களில் அதற்கு மிக அருகே இருப்பது 3/4, அதாவது 0.75. அதற்குக் கீழே நிற்கும் பக்கத்துக்கு வேண்டியது 3.078, கிடைப்பது 3. ஆகக் கோட்டுருவியலின் மிகப் புகழ்பெற்ற படத்தை அந்தக் கட்டளைகளால் துல்லியமாக வரைய வழியில்லை. கொஞ்சம் கோணிய ஐங்கோணத்தோடு சமாதானம் செய்துகொள்ளலாம். அல்லது வெளியே வரைந்து ஒட்டலாம்.

இந்த முட்டுக்கட்டையைப் பலர் பல வழிகளில் உடைத்தார்கள். எழுத்துரு வடிவமைக்கக் க்னூத் உருவாக்கிய மெட்டாஃபான்ட் மொழியை, ஜான் ஹாபி போஸ்ட்ஸ்கிரிப்ட் படங்கள் தரும் மெட்டாபோஸ்டாக மாற்றினார். திமத்தி வான் சான்ட் உருவாக்கிய பிஎஸ்ட்ரிக்ஸ், கோடு இழுக்கும் வேலையை அச்சுப்பொறியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிடமே விட்டுவிட்டது. ஆனால் நேராகவே பிடிஎஃப் தரும் டெக் வந்தபோது அந்த வழி அடைபட்டது. ஜெர்மனியின் டில் டான்டாவ் தம் முனைவர்பட்ட ஆய்வேட்டின் படங்களை நேராகப் பிடிஎஃப்பில் பெறுவதற்காக எழுதிய சிறு தொகுப்பு வளர்ந்து பிஜிஎஃப் ஆயிற்று. அதன் முன்பக்க மொழிதான் டிக்ஸ். இன்று அதன் கையேடு ஆயிரம் பக்கங்களைத் தாண்டி நிற்கிறது. டிக்ஸ் என்ற பெயரை விரித்தால் ‘டிக்ஸ் வரையும் மென்பொருள் அன்று’ என்ற பொருள்படும் ஜெர்மன் வாக்கியம் வரும். வேடிக்கைக்கு வைத்த பெயர்தான். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. இங்கே சுட்டியால் எதையும் இழுத்து வைப்பதில்லை. படம் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதுகிறோம்.

எழுதினால் என்ன தெரியும்?

டிக்ஸில் ஓர் இடத்தைக் கோணமும் தொலைவுமாகச் சொல்லலாம். (90:2) என்றால் நடுப்புள்ளியிலிருந்து 90 பாகைத் திசையில், அதாவது நேர் மேலே, 2 செ.மீ. தொலைவு. ஐங்கோணப் படத்துக்கு ஒரு சுற்றுக் கட்டளை போதும். 0 முதல் 4 வரை எண்ணிக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் 90உடன் 72இன் மடங்கைக் கூட்டு: 90, 162, 234, 306, 378. அந்தத் திசைகளில் 2 செ.மீ. தள்ளி வெளிமுனைகள், 1 செ.மீ. தள்ளி உள்முனைகள். பிறகு மூன்று விதிகள். வெளிமுனையை அடுத்த வெளிமுனையோடு சேர். உள்முனையை ஒன்று விட்டு அடுத்த உள்முனையோடு சேர். வெளியையும் உள்ளையும் நேருக்கு நேர் சேர். மூவைந்து 15. எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

ஒன்பது முனை வட்டத்துக்கு இன்னும் சுருக்கம். 40 பாகைக்கு ஒரு முனையாக 0 முதல் 8 வரை அடுக்கி, அடுத்தடுத்தவற்றைச் சேர்க்கவேண்டும். நடுமுனையை 0, 3, 6 ஆகியவற்றோடு சேர்க்கவேண்டும். மீதி 1, 4, 7. இவற்றை நான்கு நான்கு தள்ளி இருப்பவற்றோடு சேர்த்தால் முடிந்தது: 1-5, 4-8, 7-2. கோட்டுருவின் மும்மடிச் சமச்சீர் இந்த ‘மூன்று மூன்றாக’ என்ற விதியில் எழுத்தாகவே பதிந்துவிடுகிறது. சுட்டியால் வரைந்த படத்தில் இந்தச் செய்தி கண்ணுக்குத்தான் தெரியும். நிரலில் படித்தே அறியலாம்.

இன்னொரு வசதி சிறியது போலத் தோன்றும், பயனில் பெரியது. டிக்ஸில் முனைக்குப் பெயர் உண்டு. கோடு இடத்திலிருந்து இடத்துக்குப் போவதில்லை; பெயரிலிருந்து பெயருக்குப் போகிறது. முனை வட்டமானால் வட்டத்தின் விளிம்பிலும், சதுரமானால் சதுரத்தின் விளிம்பிலும் கோடு தானாக நின்றுகொள்ளும். முனையை நகர்த்தினால் கோடுகள் பின்னாலேயே வரும். கணக்கில் கோட்டுரு எப்படி இருக்கிறதோ, முனைப் பட்டியல் ஒன்று, இணைப் பட்டியல் ஒன்று என்று, நிரலும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. இடம் மாறினாலும் கோட்டுரு மாறாது என்ற அடிப்படைப் பாடத்தை மாணவர் இங்கே கைப்பழக்கமாகவே கற்றுக்கொள்கிறார். அலன் மாத்தஸ் எழுதிய தொகுப்பு ஒன்றில் பீட்டர்சன் போன்ற புகழ்பெற்ற கோட்டுருக்களைப் பெயர் சொல்லியே வரவழைக்கலாம். பிரெஞ்சுக் கோட்டுருவியல் முன்னோடி குளோட் பெர்ஜின் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

இடத்தைக் கணினியே முடிவு செய்தால்?

பத்து முனைகளுக்குக் கோணம் சொல்லிவிடலாம். இருநூறு முனைகளுக்கு? இந்தக் கேள்வி டெக்கைவிட மூத்தது. கணினியால் பாய்வுப்படம் வரைவதைப் பற்றி அதே க்னூத் 1963இலேயே எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் வில்லியம் டட் ‘கோட்டுருவை வரைவது எப்படி’ என்ற பொருளில் தலைப்பிட்ட கட்டுரையை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் மறைகுறிகளை உடைத்தவர் அவர். அவர் சொன்ன முறை மிக எளிது. வெளி விளிம்பிலுள்ள முனைகளை ஒரு குவி பலகோணமாக ஆணியடித்துவிடு. உள்ளே உள்ள ஒவ்வொரு முனையும் தன் அண்டை முனைகளின் சராசரி இடத்தில் நிற்கட்டும். எல்லா விளிம்பும் ரப்பர் வளையம் என்று நினைத்துக்கொண்டால் போதும். எந்த இரு முனைகளை நீக்கினாலும் சிதறாத தளக் கோட்டுருவாக இருந்தால், ஒரு வெட்டும் இல்லாத படம் கட்டாயம் கிடைக்கும் என்று டட் நிறுவினார்.

கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம்: 8 முனைகள், 12 விளிம்புகள். வெளிச்சதுரத்தின் நான்கு மூலைகளை ஆணியடித்தாயிற்று. உள்முனை ஒவ்வொன்றுக்கும் அண்டை மூன்று: ஒரு வெளிமூலை, இரண்டு உள்முனைகள். அந்த இரண்டும் நடுப்புள்ளிக்கு எதிரெதிரே நிற்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது வெளிமூலையின் மூன்றில் ஒரு பங்கு. எனவே வெளிமூலை (45:3) என்றால் உள்முனை (45:1). சதுரத்துக்குள் சதுரம் என்று கண்மதிப்பாக வரைபவர் உள்சதுரத்தைப் பாதி அளவுக்கு வைப்பார். டட்டின் விதியோ மூன்றில் ஒன்று என்று அடித்துச் சொல்கிறது.

தளத்தில் அடங்காத கோட்டுருக்களுக்கு இப்படி உறுதி எதுவும் இல்லை. மிகக் குறைந்த வெட்டுகளைக் கண்டுபிடிப்பது கணினிக்கும் கடினமான வகையைச் சேர்ந்தது என்று கேரியும் ஜான்சனும் 1983இல் காட்டினார்கள். இந்தக் கணக்கின் பிறப்பிடம் ஒரு செங்கல் சூளை. 1944இல் புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பு முகாமில் இருந்த பால் டுரான், சூளைகளிலிருந்து கிடங்குகளுக்குத் தண்டவாளத்தில் வண்டி தள்ளினார். தண்டவாளங்கள் வெட்டும் இடங்களில் வண்டி துள்ளிச் செங்கல் சிந்தியது. வெட்டுகளைக் குறைக்க என்ன வழி என்று அவர் யோசித்த கணக்குக்குப் பொதுவான முழுத் தீர்வு இன்றைக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே மற்றவர்கள் ‘நன்றாக இருந்தால் போதும்’ என்ற நிலைக்கு வந்தார்கள். முனைகளை அடுக்கடுக்காக வைக்கும் முறையைச் சுகியாமாவும் அவருடைய தோழர்களும் 1981இல் தந்தார்கள். பெல் ஆய்வகத்தில் உருவான கிராஃப்விஸ் மென்பொருள் அந்த வழியில் வந்தது. சுற்றே இல்லாத இணைந்த கோட்டுருக்களான மரங்களுக்கு ரெயின்கோல்டும் டில்ஃபோர்டும் அதே ஆண்டில் விதி வகுத்தார்கள்: பெற்றோர் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கவேண்டும், ஒரே அமைப்புள்ள கிளைகள் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி தோன்றவேண்டும். விளிம்புகளைச் சுருள்வில்லாகப் பாவிக்கும் முறையைப் பீட்டர் ஈட்ஸ் 1984இல் முன்வைத்தார். 2013 இறுதியில் வந்த பிஜிஎஃப் மூன்றாம் பதிப்பு, லுவா மொழியின் துணையோடு இந்த முறைகளை டெக்கின் உள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

இவற்றில் எது சரி? ஹெலன் பர்ச்சேஸ் 1997இல் வெளியிட்ட சோதனையில், வாசகரின் புரிதலை மிக அதிகம் பாதிப்பது கோடுகளின் வெட்டுகளே என்று தெரியவந்தது. பொது விதியாக அது சரி. ஆனால் ஆறு வெட்டுள்ள பீட்டர்சன் படத்தை மறந்துவிடக்கூடாது. எதற்காக வரைகிறோம் என்று தானியங்கி முறைக்குத் தெரியாது. சுருள்வில் முறையில் தொடக்க இடங்களை மாற்றினால் முடிவும் மாறக்கூடும். பெரிய வலைகளுக்குக் கணினியின் யோசனையைக் கேட்பதில் தவறில்லை. நிறுவலின் நடுவே நிற்கும் பத்து முனைப் படத்துக்குக் கணிதவியலாளர்தான் பொறுப்பு.

எண்ணிட்ட படமும் நம் ஊர் ஆய்வும்

தமிழ்நாட்டில் கோட்டுருவியல் ஆய்வு செழிப்பாக நடக்கிறது. விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் நிறுவனத்திலிருந்து 2004 முதல் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்விதழ் வருகிறது. முனைகளுக்கு எண்ணிடும் ஆய்வில் நம்மவர் பங்கு கணிசமானது. அந்த ஆய்வின் தொடக்கம் அலெக்சாண்டர் ரோசா 1967இல் எழுதிய கட்டுரை. விளிம்புகள் எத்தனையோ அதுவரை 0 முதல் உள்ள எண்களில் வெவ்வேறானவற்றை முனைகளுக்குக் கொடு. ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் இரு முனை எண்களின் வித்தியாசத்தைக் கொடு. வித்தியாசங்கள் 1 முதல் திரும்ப வராமல் அமையவேண்டும். எல்லா மரங்களுக்கும் இப்படி எண்ணிட முடியுமா என்பது இன்னும் நிறுவப்படாத யூகம்.

இத்தகைய கட்டுரைகளில் பிழை நுழையும் வாசல் படம்தான். ஆறு முனைகள் கொண்ட நேர்ச்சங்கிலிக்கு 0, 5, 1, 4, 2, 3 என்று எண்ணிட்டால் விளிம்புகளில் 5, 4, 3, 2, 1 வரவேண்டும். சுட்டியால் வரைபவர் பதினோர் எண்களையும் கையால் தட்டுகிறார். ஒன்று தவறினால் தேற்றமே தவறு போலத் தோன்றும். நிரலில் முனை எண்களை மட்டும் கொடுத்து, விளிம்பு எண்ணைக் கழித்து எழுதும்படி சொல்லிவிடலாம். டிக்ஸ் கழித்தலும் செய்யும், தனிமதிப்பும் எடுக்கும். அப்போது படமே ஒரு சரிபார்ப்பு ஆகிவிடுகிறது. 2 வரவேண்டிய இடத்தில் மீண்டும் 3 வந்தால், தவறு அச்சில் இல்லை, எண்ணிட்ட முறையில் இருக்கிறது என்று உடனே தெரியும்.

இதன் குறைகளையும் சொல்லவேண்டும். டெக்கின் கணக்கு, அச்சு நீளங்களைக் கூட்டிக் கழிக்கப் பிறந்தது. அது தாங்கும் மிகப்பெரிய நீளம் 16384 புள்ளிக்குச் சற்றே குறைவு, ஏறத்தாழ 5.75 மீட்டர். பக்கத்துக்கு அது தாராளம். ஆனால் டிக்ஸின் கணிதமும் இந்த நீளங்களைக் கொண்டே நடப்பதால், 150ஐ 150ஆல் பெருக்கச் சொன்னால் ‘அளவு மிகப் பெரிது’ என்று நின்றுவிடும். பெருங்கணக்கை வெளியே முடித்துவிட்டு விடையை மட்டும் உள்ளே கொண்டுவருவது நல்லது. கற்றுக்கொள்ளும் உழைப்பும் கொஞ்சநஞ்சம் அல்ல. முதல் படத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். பத்தாவது படம் பத்து நிமிடத்தில் முடியும்.

அந்த மாலைப்பொழுதுக்கு என்ன பலன்? அழகு என்று சொல்வேன் என எதிர்பார்க்கவேண்டாம். சுட்டியாலும் அழகாக வரையலாம். பலன், படத்தின் காரணம் எழுத்தில் நிற்கிறது என்பதுதான். 72 பாகை ஏன், மூன்றில் ஒரு பங்கு ஏன், நான்கு தள்ளிச் சேர்த்தது ஏன் என்று பின்னால் வருபவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம், திருத்தலாம், இன்னொரு கேள்விக்கு ஏற்ப மாற்றலாம். 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் கிடங்கு, டெக்கில் எழுதிய கட்டுரைகளை மூலநிரலாகவே கேட்டு வாங்குகிறது. வாசகர் கட்டுரையோடு படத்தின் நிரலையும் இறக்கிப் பார்க்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு பிடிஎஃப்பாக மட்டும் சமர்ப்பிக்கப்பட்டால் அதிலுள்ள படங்களின் காரணங்கள் எழுதியவரின் மடிக்கணினியோடு போய்விடும்.

கோட்டுருவியலில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் அவர்களின் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நான்கு பக்கம் ஒதுக்கி, அதிலுள்ள படங்களின் நிரலையும் சேர்த்துக் கொடுங்கள்.